தொண்டைச் சத்திர சிகிச்சையும் நோவு நீக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலிற் கத்தி வைத்தற்கு வைத்தியன் துணிந்த காலம் மிகப் பழையது. அக்கத்தியால் விளையும் நோவைத் தணித்தற்கு அவன் வழி கண்ட காலமோ மிக அண்மையது. இவ்விரண்டிற்கும் இடையிற் கிடந்த நெடிய காலப் பரப்பில் நோயாளர் பட்ட துன்பத்தை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அரசர் செய்த போர்களையும் அமைச்சர் எழுதிய உடன்படிக்கைகளையும் விரித்துரைக்கும் வரலாறு, வாயைத் திறந்துகொண்டு அச்சத்தோடு அமர்ந்திருந்த ஒரு பிள்ளையின் தொண்டையைப் பற்றிக் கூறாது விட்டதில் வியப்பில்லை. ஆயினும், அறிவியலின் உண்மையான வளர்ச்சியை அறிய விரும்புவோர்க்கு அப்பிள்ளையின் வரலாறும் வேண்டப்படுவதே. அடிநாச்சதையை அகற்றும் சிகிச்சையையும், அதனால் எழும் நோவை விறைப்பு மருந்தினால் அடக்க முயன்றோரின் முயற்சிகளையும், அம்முயற்சிகளில் வெற்றி எது, தோல்வி எது என்பதையும் இக்கட்டுரை ஆராயும்.

உறுப்பும் அதன் இயல்பும்

மக்கள் வழக்கில் 'ரொன்சில்' எனப்படுவது, நாவின் அடிப்பகுதியில், தொண்டையின் இரு மருங்கும் அமைந்துள்ள நிணநீர்த் திசுத் திரளாகும். நூலோர் இதனை அடிநாச்சதை என்பர். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உட்புகும் கிருமிகளை எதிர்த்தற்கு உடல் வைத்த காவல்களுள் இஃது ஒன்று. காவற்காரனே நோய்வாய்ப்பட்டு அடிக்கடி வீங்கிப் புண்ணாகும்போதும், மிகப் பருத்து உறக்கத்தில் மூச்சைத் தடுக்கும்போதும் அதனை அகற்ற நேர்கின்றது.

இச்சதையின் பின்னே விழுங்குதற்குரிய தசைகள் உள்ளன. அத்தசைகட்கு அப்பால் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடி செல்கின்றது. சதையை அகற்றியபின் எஞ்சும் புண், கை கால்களில் உண்டாகும் புண்ணைப் போலத் தைத்து மூடப்படுவதன்று. அது திறந்த புண்ணாகவே விடப்படும். அதன்மேல் வெண்ணிறப் படலம் படர்ந்து, பின்னர் அப்படலம் கழன்று, புதுத்தோல் மூடும் வரை ஏறத்தாழ இரு கிழமைகள் செல்லும். அக்காலம் முழுவதும் ஒவ்வொரு மிடறு நீரும் அப்புண்ணை அசைக்கும். கையிற் புண் பட்டவன் கையைத் தூக்கிக் கட்டி ஓய்வு கொடுக்கலாம். தொண்டையிற் புண் பட்டவன் உமிழ்நீர் விழுங்காது இருத்தல் இயலாது. மேலும், தொண்டையின் இப்பகுதிக்கு உணர்ச்சி தரும் ஒன்பதாவது மூளைநரம்பு செவியின் உட்பகுதிக்கும் ஒரு கிளையை அனுப்புதலால், தொண்டைப் புண்ணின் நோவு செவியிலும் உணரப்படும். சிகிச்சை தொண்டையிலேயாக, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுவதன் காரணம் இதுவே.

ஆதலின் இச்சிகிச்சையில் நோவு இரு வகைப்படும். கத்தி படும்போது எழுவது ஒன்று. சிகிச்சை முடிந்தபின் பல நாள் நிலைப்பது மற்றொன்று. வைத்திய வரலாறு முன்னதை வென்ற கதையைப் பெருமிதத்தோடு கூறும். பின்னதைப் பற்றிய கதையோ இன்னும் முடிவுறவில்லை.

பண்டை நாளிற் சத்திர சிகிச்சை

பாரத நாட்டின் பழைய சத்திர வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, வாயின் மேலண்ணத்தைச் சார்ந்த நோய்களுள் 'துண்டிகேரி' என ஒன்றைக் கூறும். காட்டுப்பருத்திக் காயைப் போன்ற வீக்கம் என்பது அப்பெயரின் கருத்து. அது அடிநாச்சதை வீக்கமே என இக்கால ஆராய்ச்சியாளர் கொள்வர். உண்ணாக்கு வீங்கியவிடத்து அதனைப் பற்றி இழுத்து வெட்டும் முறையை அந்நூல் விளக்குகின்றது. மிகுதியாக வெட்டினாற் குருதி பெருகி உயிர்க்கே இறுதி நேரும் என்றும், குறைய வெட்டினால் வீக்கம் முதலிய துன்பங்கள் தொடரும் என்றும் எச்சரிக்கின்றது. வெட்டிய பின்னர்க் காரமும் கைப்பும் உடைய மருந்துச் சூரணங்களைத் தேனிற் குழைத்துப் பூசும்படி கூறுகின்றது.

கத்தியின் நோவை உணராதிருத்தற் பொருட்டுச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு உணவும், குடிக்கும் பழக்கமுடையோர்க்கு மதுவும் கொடுக்குமாறு சுசுருதர் விதித்தார். ஆனால், வாய் நோய்கட்குச் சத்திரம் வைக்குமிடத்து நோயாளி உண்ணாதிருத்தல் வேண்டும் என்பதும் அவர் விதியே. தொண்டையிற் கத்தி வைக்கும்போது வயிற்றில் உணவிருத்தல் ஆகாது என்ற இந்த எச்சரிக்கையை இன்றைய மயக்க மருந்து வைத்தியரும் தவறாது பின்பற்றுகின்றனர். ஆனால் தொண்டை நோயாளிக்கு உணவினால் வரும் அந்தச் சிறு துணையும் இல்லாது போயிற்று.

மேலை நாட்டில், கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய நூலாசிரியர் செல்சசு, வீங்கிக் கடினமான அடிநாச்சதையை விரலாற் சுற்றிலும் நெகிழ்த்துப் பிடுங்கி எடுக்கலாம் என்றும், அது வாராதவிடத்துக் கொக்கியாற் பற்றிக் கத்தியால் அறுக்க வேண்டும் என்றும் எழுதினார். பின்னர் அப்புண்ணைக் காடியாற் கழுவும்படி கூறினார். பச்சைப் புண்ணிற் காடி படும்போது எழும் எரிவை அவர் அறியாதவர் அல்லர். சத்திர வைத்தியன் நோயாளியைக் குணப்படுத்தும் அளவிற்கு இரக்கமுடையவனாதல் வேண்டும்; ஆனால் அவன் அலறலைக் கேட்டு விரைந்து முடிக்கவோ குறைய அறுக்கவோ கூடாது என்பது அவர் கொள்கை. இரக்கமின்மையால் எழுந்த விதியன்று இது. நோவை நீக்க வழியில்லாத காலத்தில், நோவைக் கேளாத செவியே வைத்தியனுக்கு வேண்டிய கருவியாயிற்று.

ஏழாம் நூற்றாண்டில் ஈசினாவைச் சேர்ந்த பவுல் என்பவர், நோயாளியைச் சூரிய ஒளியை நோக்கி இருத்தி, ஒருவன் தலையைப் பற்ற, மற்றொருவன் நாவை அழுத்த, கொக்கியால் இழுத்துச் சதையை அறுக்கும் முறையை எழுதினார். கி. பி. 1000 ஐ அடுத்துக் கோர்தோவா நாட்டில் விளங்கிய அராபிய மேதை அல் சகராவியும் இத்தகைய முறையையே விளக்கினார். இவர்கள் அனைவரும் ஒளிக்கும் கருவிக்கும் குருதிப்பெருக்கிற்கும் வழி கூறினர். நோவிற்கு அவர்கள் கண்ட வழி, நோயாளியை இறுகப் பிடித்தலேயாகும்.

விரைவே மருந்தாயிருந்த காலம்

1828 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரத்துச் சத்திர வைத்தியர் பிலிப் சிங் பிசிக் என்பவர், உண்ணாக்கை வெட்டுதற்கென இருந்த ஒரு கருவியைத் திருத்தி அடிநாச்சதையை வெட்டும் கருவியாக அமைத்தார். ஒரு வளையத்துட் சதையை நுழைத்து, அவ்வளையத்தினூடே ஓடும் அலகினால் ஒரே தள்ளிற் துண்டித்தலே அதன் செயல். பிரான்சியப் புரட்சிக் காலத்திற் தலை வெட்டிய பொறியின் பெயரால் அதனைக் 'கில்லட்டீன்' என வழங்கினர். இலண்டன் மாநகரிற் தொண்டை வைத்தியத்தைத் தனித்துறையாக வளர்த்த மொறெல் மக்கென்சி இக்கருவியை மேலும் திருத்திப் பரப்பினார்.

கைதேர்ந்தவன் இக்கருவியாற் சில நொடிகளிற் தன் தொழிலை முடிப்பான். நோவு நீக்கும் மருந்து இல்லாதபோது விரைவே மருந்தாகும். ஆனால் அவ்விரைவிற்கு ஒரு விலையும் இருந்தது. கருவியுட் புகுந்த பகுதி மட்டும் வெட்டுண்டு, எஞ்சிய பகுதி தொண்டையிலேயே தங்கி மீண்டும் நோயுற்றது. சதையை அதன் உறையோடு முற்றாக எடுத்தல் வேண்டும் என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. அதற்கு நேரமும் அமைதியும் வேண்டும். அலறித் துடிக்கும் நோயாளியிடத்து அவ்விரண்டும் கிடைப்பனவல்ல.

1846 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆந் தேதி பொஸ்ரன் நகரத்து வைத்தியசாலையில் ஈதரினால் உணர்விழந்த நோயாளிக்குச் சத்திர சிகிச்சை செய்து காட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் எடின்பரோவிற் சிம்சன் என்பவர் குளோரபோமைக் கையாண்டார். உடலின் பிற உறுப்புக்களிற் கத்தி வைப்போர்க்கு இவை பெருவரமாயின. தொண்டை வைத்தியர்க்கோ இவ்வரத்தோடு ஓர் இடரும் வந்தது. மூச்சுச் செல்லும் வழியும் கத்தி செல்லும் வழியும் ஒன்றேயாதலால், மயக்கத்தில் ஆழ்ந்த நோயாளி தன் குருதியைத் தானே மூச்சோடு உள்ளிழுத்து உயிரிழத்தல் கூடும். ஆகவே நோயாளி விழித்திருக்க, தொண்டை மட்டும் உணர்விழக்குமாறு செய்தல் கூடுமா என்ற வினா எழுந்தது.

விறைப்பு மருந்தின் பிறப்பு

தென் அமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பன்னெடுங்காலமாகக் கொக்கா இலையை மென்று வந்தனர். அவ்விலையின் சாரத்தை 1855 இற் கேட்கே என்பவர் பிரித்தெடுத்தார். 1860 இற் கெட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர் அல்பேட் நீமன் அதனைத் தூய்மையாகப் பெற்றுக் 'கொக்கெயின்' எனப் பெயரிட்டு, அது நாவிற் பட்ட இடம் விறைத்துப் போதலையும் குறித்தார். அக்குறிப்பின் பொருளை உணர்வார் இன்றி இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. நாவு விறைத்ததைப் பலர் கண்டனர். விறைத்த இடத்திற் கத்தி வைக்கலாம் என்பதை ஒருவரும் எண்ணினாரல்லர்.

1884 இல் வியன்னாப் பொது வைத்தியசாலையில் இளம் வைத்தியராயிருந்த கார்ல் கொல்லர் அதனை எண்ணினார். அவருடைய நண்பரான சிக்மண்ட் புரொயிட் அவ்வாண்டிற் கொக்கா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். கொல்லர் ஒரு தவளையின் கண்ணில் அம்மருந்தின் கரைசலை இட்டு, கண்மணியைத் தொட்டபோதும் அஃது அசையாதிருத்தலைக் கண்டார். பின்னர்த் தம் கண்ணிலேயே இட்டு, குண்டூசித் தலையாற் தொட்டு நோவின்மையை உறுதி செய்தார். அவ்வாண்டு செத்தெம்பர் 15 ஆந் தேதி ஐடல்பேக் நகரிற் கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் அச்செய்தி வெளியிடப்பட்டது. வழிச்செலவுக்குப் பொருளில்லாமையாற் கொல்லர் அங்கே செல்லவில்லை. அவர் எழுதியதை வேறொரு வைத்தியரே படித்தார். சத்திர வைத்தியத்தின் போக்கையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு, அதனைக் கண்டவன் அவையில் இல்லாதபோது அரங்கேறிற்று.

அதே ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஜெலினெக் என்பவர் கொக்கெயினைத் தொண்டையிலும் குரல்வளையிலும் பூசிப் பயன் கண்டார். தொண்டை வைத்தியர்க்கு இது புதுவாழ்வாயிற்று. நோயாளி நாற்காலியில் நிமிர்ந்திருந்து, குருதியைத் தானே உமிழ்ந்துகொண்டு, வைத்தியர் சொற்கேட்டு வாயைத் திறந்திருத்தல் இயல்வதாயிற்று. நியூ யோர்க்கில் வில்லியம் ஆல்ஸ்ரெட் என்பவர் மருந்தை ஊசியால் நரம்பின் அருகே செலுத்தி, அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் விறைக்கச் செய்தார். ஆனால் தம்மேலும் தம் துணைவர் மேலும் சோதனை செய்த அப்பெருமகன், அம்மருந்திற்கே அடிமையானார். நோவை நீக்க வந்தது நோயாகவும் மாறும் என்பதை வைத்திய உலகம் அன்றே கண்டது.

1901 இல் யப்பானிய அறிஞர் தக்கமீனே அதிரனலினைப் பிரித்தெடுத்தார். 1903 இற் செருமானியச் சத்திர வைத்தியர் ஐன்றிக் பிறவுண், அதனை விறைப்பு மருந்தோடு கலந்தாற் குருதிக் குழாய்கள் சுருங்கி, மருந்து அவ்விடத்தே நெடுநேரம் தங்கும் என்று காட்டினார். குருதிப்பெருக்கும் குறைந்தது. 1904 இல் அல்பிரெட் ஐன்கோன் 'நொவொக்கெயின்' என்னும் செயற்கை மருந்தை ஆக்கினார். அது கொக்கெயினைப் போல நஞ்சுடையதன்று, அடிமைப்படுத்துவதுமன்று. ஆயினும் மேலே பூசினால் நன்கு விறைக்கச் செய்யும் ஆற்றல் அதற்கில்லை. ஆதலாற் பூசுதற்குக் கொக்கெயினும் ஊசிக்கு நொவொக்கெயினும் எனத் தொண்டை வைத்தியர் இரண்டையும் கையாண்டு வந்தனர். அளவு கடந்தவிடத்து மரணங்களும் நிகழ்ந்தன. 1924 இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் குழுவொன்று இத்தகைய மரணங்களை ஆராய்ந்து, கொக்கெயினை ஊசியால் உடலுட் செலுத்தலாகாது என எச்சரித்தது.

பின்னர் வந்த பெரிய முன்னேற்றம் சுவீடன் நாட்டினது. வாற்கோதுமையில் உள்ள ஒரு பொருளை ஆராய்ந்த எர்ட்மன் என்பவர், அதனை ஒத்த ஒரு பொருளை 1935 அளவில் ஆய்வுகூடத்தில் ஆக்கிச் சுவைத்தபோது நா விறைத்தது. அக்குறிப்பைப் பற்றிச் சென்ற நீல்சு லெப்கிரென் 1943 இல் 'லிக்னோக்கெயின்' என்னும் மருந்தை ஆக்கினார். அவருடைய இளந்துணைவர் லுண்ட்குவிஸ்ட் அதனைத் தம் உடலிலேயே சோதித்தார். 1948 இல் அது விற்பனைக்கு வந்தது. பூசினும் ஊசியாற் செலுத்தினும் அது பயன் தந்தது. 1957 இல் அதே நாட்டில் எக்கென்ஸ்ராம் ஆக்கிய 'புப்பிவக்கெயின்' பல மணி நேரம் நிலைக்கும் ஆற்றலுடையது. நரம்பின் வழியே நோவுச் செய்தி செல்வது, நரம்புறையிலுள்ள நுண்ணிய வாயில்களினூடே சோடியம் உட்புகுதலாலாகும். இம்மருந்துகள் அவ்வாயில்களை அடைத்து விடுகின்றன. வாயில் அடைபட்டபோது செய்தி மூளையை எட்டுவதில்லை. மருந்து கரைந்து அகன்றதும் வாயில் திறக்கும், நோவும் திரும்பும்.

எளிமை தந்த கேடு

நோவும் அச்சமும் குறைந்தபோது சிகிச்சையின் தொகை பெருகிற்று. உடலின் பல நோய்கட்கும் அடிநாச்சதையிற் தங்கும் கிருமிகளே காரணம் என்ற கொள்கையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரவியிருந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாடசாலைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக இச்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர்.

1934 இல் அமெரிக்கப் பிள்ளைநலச் சங்கம் வெளியிட்ட ஆய்வொன்று ஆசிரியர் அனைவரும் அறிதற்குரியது. நியூ யோர்க் நகரத்துப் பாடசாலைகளில் பதினொரு வயதுடைய 1000 பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 611 பேருக்கு முன்னரே அடிநாச்சதை அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை வைத்தியர் சிலர் சோதித்து, 174 பேருக்குச் சிகிச்சை வேண்டும் என்றனர். வேண்டாம் எனப்பட்ட 215 பேரை வேறு வைத்தியரிடம் அனுப்பியபோது, அவர்கள் 99 பேருக்கு வேண்டும் என்றனர். மீண்டும் எஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை வேறு வைத்தியர் நோக்கி, 51 பேருக்கு வேண்டும் என்றனர். இறுதியில் ஆயிரவருள் 65 பேரே கத்திக்குத் தப்பினர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைவர் குறிக்கப்பட்டமை, பிள்ளையின் தொண்டையைக் காட்டிலும் வைத்தியனின் பழக்கமே முடிவை வகுத்தது என்பதைக் காட்டும்.

1938 இல் இங்கிலாந்தின் அலிசன் குளோவர் இதே உண்மையை வேறு வழியாற் கண்டார். ஓர்ன்சி என்னும் ஊரில் 1928 இல் 186 ஆயிருந்த சிகிச்சைகளின் தொகை, பாடசாலை வைத்திய அதிகாரி மாறிய பின் 1929 இல் 12 ஆகக் குறைந்தது. அவ்வூர்ப் பிள்ளைகளின் தொண்டைகள் ஓராண்டில் மாறிவிடவில்லை. நோக்குபவர் கண்ணே மாறிற்று. குறைந்தமையால் அப்பிள்ளைகட்குக் கேடு எதுவும் விளையவுமில்லை.

இங்கே விறைப்பு மருந்தின் வரலாறு ஓர் அறநெறி வினாவை எழுப்புகின்றது. நோவற்றதாகத் தோன்றுவது தீங்கற்றது எனக் கருதப்படுகின்றது. சிகிச்சை அறையில் வைத்தியன் நோவைக் கண்டிலன். ஆதலின் நோவே இல்லை என்று எண்ணினான். ஆனால் விறைப்பு நீங்கியபின், நள்ளிரவில், நீர் கேட்கவும் அஞ்சி அழுத பிள்ளையின் நோவை வீட்டிலிருந்த தாயே கண்டாள். கத்தியின் நோவு சிகிச்சை அறையிலிருந்து வீட்டிற்கு இடம் மாறியதேயன்றி அழிந்துபோகவில்லை.

சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தபின் சிகிச்சையின் தேவை குறைந்தது. 1984 இற் பிற்ஸ்பேக் நகர ஆய்வொன்று, ஓராண்டில் ஏழு முறையோ, இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையான தொண்டைப் புண் கண்ட பிள்ளைகட்கே இச்சிகிச்சை பயன் தரும் எனக் காட்டி ஓர் அளவுகோலை நிறுவியது. நோவைத் தணிக்கும் வழிகளுள் முதலாவது, வேண்டாத சிகிச்சையைச் செய்யாது விடுதலேயாம்.

சிகிச்சைக்குப் பின் எழும் நோவு

குழாய் வழியே மூச்சுச் செலுத்தும் முறை முதலாம் உலகப் போரின் பின் வளர்ந்தமையாற் பொது மயக்கம் தொண்டைச் சிகிச்சைக்கும் இடரற்றதாயிற்று. பிள்ளை முற்றாக உறங்கும்போது விறைப்பு மருந்து எதற்கு என்ற வினா அப்போது எழுந்தது. அதற்கு விடை கூறியவருள் முதல்வர் அமெரிக்கச் சத்திர வைத்தியர் ஜோர்ஜ் கிறைல். நோயாளி உறங்கினும் நரம்புகள் உறங்குவதில்லை. வெட்டுண்ட இடத்திலிருந்து செய்தி மூளையைத் தாக்கிக்கொண்டேயிருக்கும். ஆதலின் உறக்கத்தோடு அவ்விடத்தை விறைக்கவும் செய்ய வேண்டும் என்பது 1914 அளவில் அவர் நிறுவிய கொள்கை. அது நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. முள்ளந்தண்டு வடத்திலுள்ள நரம்புக் கலங்கள் தொடர்ந்து தாக்கப்பட்டால் மிகுந்த கூர்மை எய்தி, சிறு தூண்டலையும் பெருநோவாக்கும் என 1983 இல் கிளிபர்ட் வூல்ப் காட்டினார். நோவு எழுமுன்னரே தடுத்தல் வேண்டும் என்பதை 1988 இற் பற்றிக் வோல் வலியுறுத்தினார்.

அடிநாச்சதைச் சிகிச்சை இக்கொள்கைக்கு ஏற்ற உரைகல்லாயிற்று. 1991 இல் அலபாமாப் பல்கலைக்கழக வைத்தியர், கத்தி வைக்கு முன்னரே சதையைச் சுற்றிப் புப்பிவக்கெயினைச் செலுத்தினர். மருந்தின் வலு சில மணி நேரமே நிற்கும். ஆனால் சில நாள் சென்ற பின்னும் அப்பிள்ளைகள் நோவு குறைந்திருந்ததாகக் கூறினர். இது பெரிய நம்பிக்கையைத் தந்தது. ஆயினும் பின்னர் வந்த ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. சில ஆய்வுகள் பயனுண்டு என்றன. சில இல்லை என்றன. இந்நூற்றாண்டு பிறக்குமுன், 1999 இல், கொக்றேன் அமைப்பினர் அதுகாறும் நிகழ்ந்த நல்லாய்வுகளைத் தொகுத்து நோக்கி, அவை சிறியன என்றும், விறைப்பு மருந்து பின்நோவைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறினர். 2008 இல் மேலும் பல ஆய்வுகளைத் தொகுத்த வேறிரு ஆய்வாளர், சிறிதளவு பயன் உண்டு என்றும், மருந்தில் நனைத்த பஞ்சைப் புண்ணில் வைத்தலும் ஊசியாற் செலுத்தலும் ஏறக்குறைய ஒரே பயனைத் தருவன என்றும் கண்டனர்.

இவ்வேறுபாட்டின் காரணங்களை ஆராய்தல் மாணவர்க்குப் பயன் தரும். நோவு அளவுகோலால் அளக்கப்படும் பொருளன்று. உற்றவன் சொல்லே அதற்குச் சான்று. ஆறு வயதுப் பிள்ளை தன் நோவிற்கு எண் கூறுதல் எளிதன்று. சில ஆய்வுகளில் ஒரு பக்கத்துக்கு மருந்தும் மறுபக்கத்துக்கு வெறும் உப்புநீரும் செலுத்தி இரு பக்கத்தையும் ஒப்பிடச் செய்தனர். தொண்டையின் இடம் வலம் பிரித்துணர்தல் முதியோர்க்கே அரிதாகும். ஊசியும் முற்றும் இடரற்றதன்று. பெருநாடியும் குரல்வளையை இயக்கும் நரம்புகளும் அருகே இருத்தலால், ஆழச் செலுத்திய மருந்து குரல்நாண்களை இயங்காது செய்து மூச்சைத் தடுத்ததும், குருதியிற் கலந்து வலிப்பை உண்டாக்கியதும் வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்து சில மணி நேரத்தது. நோவோ இரு கிழமையது. படலம் கழலும் நாள்களில் நோவு மீண்டும் மிகும்போது, அறையிற் செலுத்திய மருந்தின் சுவடும் உடலில் இராது.

பேரிடரும் அதனாற் பெற்ற அறிவும்

வீட்டிற் கிடந்த பிள்ளையின் நோவைத் தணித்தற்கு அபினிலிருந்து பெறப்படும் கோடீன் என்னும் மருந்து நெடுங்காலம் கொடுக்கப்பட்டு வந்தது. அதற்குத் தன்னளவில் வலு குறைவு. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதனை மோர்பீனாக மாற்றிய பின்னரே நோவு தணியும். அந்நொதியம் சிலரிடத்துப் பிறப்பிலேயே மிகுந்திருக்கும். அத்தகையோர் உடலில் வழக்கமான அளவு கோடீனும் நஞ்சாகும். 2009 இற் கனடாவில், அடிநாச்சதை அகற்றப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையொன்று இவ்வாறு உயிரிழந்தமையை வைத்தியர் வெளியிட்டனர். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதற்கெனச் சிகிச்சை பெற்ற பிள்ளைகட்கு, மூச்சை அடக்கும் மருந்தைக் கொடுத்தமை இரட்டிப்பான தீங்காயிற்று. 2013 இல் அமெரிக்க மருந்து நிருவாகம் இச்சிகிச்சையின் பின் பிள்ளைகட்குக் கோடீன் கொடுத்தலைக் கடுமையாக எச்சரித்தது. 2017 இற் பன்னிரண்டு வயதிற்குட்பட்டோர்க்குக் கோடீனையும், இச்சிகிச்சை பெற்ற பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்குத் திரமடோல் என்னும் மருந்தையும் விலக்கிற்று.

இதன் பயனாக எளிய மருந்துகளின் அருமை விளங்கிற்று. பரசிற்றமோலும் ஐபுபுரோபெனும், நோவு எழுந்தபின் கொடுக்கும் மருந்துகளாகவன்றி, வைத்தியர் வகுத்த அளவில் வேளை தவறாது கொடுக்கும் மருந்துகளாகக் கொள்ளப்பட்டன. 2019 இல் வெளிவந்த அமெரிக்கத் தொண்டை வைத்தியரின் வழிகாட்டி இவற்றையே பரிந்துரைத்தது. சிகிச்சையின்போது ஒரு முறை செலுத்தும் டெக்சமெதசோன் என்னும் மருந்து வாந்தியையும் நோவையும் குறைக்கும். பிள்ளைக்கு வேண்டிய நீர் கொடுத்தல் இன்றியமையாதது. நோவுக்கஞ்சி விழுங்காத தொண்டை உலர்ந்து மேலும் நோவும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே புண்ணிற் குருதி கண்டால் அது சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

2021 இல் ஐரோப்பிய வைத்தியர் குழுவொன்று இச்சிகிச்சையின் நோவு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட பரிந்துரைகளில், மேற்கூறிய மருந்துகளோடு துணையாகத் தேனும் இடம்பெற்றது. தொண்டையில் வெட்டிய புண்ணுக்குச் சுசுருதர் கூறிய பூச்சிலும் தேனே கலவைப் பொருள். இதனைக் கொண்டு முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று கூறுதல் தவறாகும். அவர் தேனைப் பயன்படுத்திய நோக்கம் வேறு, இன்று அதன் பயன் அளக்கப்பட்ட முறை வேறு. பழைமையென்ற காரணத்தால் ஒன்றைக் கொள்ளுதலும், அதே காரணத்தாற் தள்ளுதலும் ஆராய்ச்சியாகா. சோதித்துத் தேறியதையே கொள்ளுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. கண்முன் கிடந்த ஓர் உண்மையின் பொருளை உணர இருபத்து நான்கு ஆண்டுகள் சென்றமையாற் காண்டல் வேறு, கருதல் வேறு என்பது ஒன்று. நோவை நீக்கும் ஆற்றல் வளர்ந்தபோது, வேண்டாத சிகிச்சையும் வளர்ந்தமையால், ஆற்றலோடு அறிவும் அடக்கமும் வளர வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, எல்லாவற்றினும் சிறந்தது. தன் நோவைச் சொல்லத் தெரியாதவனுக்கும் நோவு உண்டு.

செல்சசு காலத்து வைத்தியன் நோயாளியின் அலறலைக் கேளாதிருக்கப் பழகினான். அவனுக்கு வேறு வழியில்லை. இக்காலத்து வைத்தியனுக்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் வழிகள் பல உண்டு. ஆதலாற் கேளாதிருத்தற்கு இனி நியாயமில்லை. சிகிச்சை முடிந்து பாடசாலைக்கு மீளும் பிள்ளை சில நாள் பேசாதிருந்தால், அது பிடிவாதம் அன்று, விழுங்க இயலாத நோவு என்பதை அறிந்து, அதற்கு நீர் அருந்த இடைவேளை கொடுக்கும் ஆசிரியரும் இந்நெடு வரலாற்றின் பயனை உணர்ந்தவரேயாவர்.